போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி யார்?

விற்றவர், "அனுப்பிவிட்டேன்" என்கிறார். வாங்கியவர், "வரவில்லை" என்கிறார். நடுவில் சுமந்து போனவர், "சேர்த்துவிட்டேன்" என்கிறார். மூவரும் சத்தியம் செய்கிறார்கள். மூவரும் உண்மை சொல்லியிருக்க முடியாது. ஆனால் தவறு யாருடையது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. பழம் பொருள்களை இணையத்தின் மூலம் விற்றும் வாங்கியும் வருகிற நம்மவர்களின் இன்றைய நிலைமை இதுதான்.

பழம் பொருள் என்றதும் ஐம்பொன் சிலையையும் அரண்மனை வாளையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கெல்லாம் வேறு சட்டம், வேறு மனிதர்கள். நான் சொல்வது நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் சாமான்களை: தபால்தலை, பழைய நாணயம், இசைத்தட்டு, தீப்பெட்டி லேபிள், கோடைக்கானல் ஏரியின் படம் போட்ட அந்தக் காலத்துத் தபால் அட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, பைண்டு செய்த தொடர்கதை.

இந்தக் கடைசிப் பொருளைப் பற்றி வாசக நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது, மணியம் வரைந்த சித்திரங்களோடு அந்தப் பக்கங்களைக் கிழியாமல் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, தைத்து, காலிகோ முதுகு போட்டு வைத்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! அத்தைமார்களும் சித்திமார்களும் செய்த அந்தத் தொண்டை எந்தப் பதிப்பகமும் செய்யவில்லை. அதே கதை இன்று எந்தக் கடையிலும் புதுப் பதிப்பாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சித்திரத்தோடு, பக்கத்தின் மறுபுறத்திலிருக்கும் கூந்தல் தைல விளம்பரத்தோடு, ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய தேதியோடு கிடைக்குமா? கிடைக்காது. ஒன்று தொலைந்தால் தொலைந்ததுதான்.

நான் குடியிருக்கும் பேத்துப்பாறை பழனி மலையில் கோடைக்கானலை அடுத்த ஒரு சிற்றூர். காபியும் பட்டர் ஃப்ரூட்டும் விளையும். சில இரவுகளில் யானையும் வரும். கூரியர்காரர் மட்டும் வர யோசிப்பார். என் அண்டை வீட்டில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தகப்பனார் விட்டுப் போன பைண்டுகளையும் தபால்தலைகளையும் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டு, ஒவ்வொன்றாக விற்று வருகிறார். குறிஞ்சிப் பூவுக்கு 2006-ல் தபால் இலாகா வெளியிட்ட தபால்தலைகூட அவரிடம் உண்டு.

சென்ற வருஷம் ஒரு பைண்டைக் கோயமுத்தூரிலிருக்கும் ஒருவருக்கு 4,000 ரூபாய்க்கு விற்றார். கூரியரில் 180 ரூபாய் கட்டினார். சீட்டில் 'பொருளின் மதிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. கவுண்ட்டரில் இருந்த பையன் அதில் 100 என்று எழுதினான்.

"நாலாயிரம் ரூபாய்ச் சாமான் தம்பி" என்றார் ஆசிரியை.

"எல்லாருக்கும் இப்படித்தான் டீச்சர் எழுதுறது. கூடப் போட்டா பில்லு கேப்பாங்க. உங்ககிட்ட பில்லு இருக்கா?"

அப்பா 1954-ல் தைத்த பைண்டுக்குப் பில்லுக்கு எங்கே போவது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். நாலாம் நாள் கைப்பேசியில் செய்தி வந்தது: சேர்ப்பிக்கப்பட்டது. கீழே, கோழி கிண்டியது போல் ஒரு கிறுக்கல். அதுதான் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமாம்! வாங்கியவரோ, "எனக்கு வரவே இல்லை அம்மா, அந்தக் கையெழுத்து என்னுடையதும் அல்ல" என்றார். கூரியர்க் கம்பெனி பதினைந்து நாள் விசாரித்து, சீட்டில் கண்டபடி 100 ரூபாய் தரத் தயார் என்று பெருந்தன்மையோடு தெரிவித்தது. ஆசிரியை தம் பென்ஷனிலிருந்து 4,000 ரூபாயையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கலாம் அல்லவா?" என்று கேட்டேன்.

"அப்படி நினைக்க எனக்கு விருப்பமில்லை சார்" என்றார்.

பணம் போனதைவிட இது பெரிய நஷ்டம் என்று நான் சொல்வேன். சாட்சி ஒன்று இருந்திருந்தால், முகம் தெரியாத இரண்டு யோக்கியர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் அவசியமே வந்திராது. ஆகவே என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி என்பது காசு கொடுத்து வாங்கும் அலங்காரம் அல்ல. அத்தாட்சி இல்லையென்றால், சுமந்து போகும் வேலையே முடியவில்லை. முடியாத வேலைக்குக் கூலி வாங்குவது நியாயமல்ல.

"எல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். சட்டம் என்ன பார்த்துக்கொள்கிறது? 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, விற்றவன் சரக்கைச் சுமப்பவனிடம் ஒப்படைத்தாலே வாங்கியவனிடம் ஒப்படைத்ததாக முதற்கண் கொள்ளலாம் என்கிறது. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே, சரக்கின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை விற்றவன் செய்யாமல் விட்டு, அதனால் சரக்கு தொலைந்தால், அந்த ஒப்படைப்பை ஏற்க வாங்கியவன் மறுக்கலாம் என்றும் சொல்கிறது. முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, "அனுப்பியதோடு என் பொறுப்பு தீர்ந்தது" என்று விளம்பரத்தின் அடியில் எழுதி வைக்கும் வியாபாரிகள் இரண்டாம் வாக்கியத்தைப் படிப்பதில்லை. 4,000 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் என்று எழுதச் சம்மதிப்பது நியாயமான ஏற்பாடாகுமா?

சுமப்பவர்களுக்கோ சட்டம் இன்னும் தாராளமாகக் குடை பிடிக்கிறது. சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ல் வந்தது. கூடுதல் மதிப்பைச் சொல்லி அதற்கேற்ற கூலி கட்டாதவருக்கு, வாங்கிய கூலியைப் போல் பத்து மடங்குக்கு மேல் ஈடு தர வேண்டியதில்லை என்பது அதன் கீழுள்ள விதி. கூரியர் விஷயத்தில் பிரசித்தமானது பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு. 1990-ல் அந்தக் கம்பெனி ஜெர்மனியிலிருந்த வாடிக்கையாளருக்கு ஆவணங்கள் அடங்கிய உறை ஒன்றை டி.எச்.எல். மூலம் அனுப்பியது. உறை போய்ச் சேரவில்லை. மறு பிரதிகள் அனுப்பிச் சரக்கு கைக்குக் கிடைப்பதற்குள் பருவம் முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளர் விலையைக் குறைத்துவிட்டார். சென்னையில் மாநில ஆணையம், நாலு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நஷ்டத்தைக் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும் 100 டாலர்தான் என்று உறுதி செய்தது. கையெழுத்திட்ட சீட்டில் அந்த நிபந்தனை இருந்தது. கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர். தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், பின்னால் நாலு பேர் முண்டியடிக்கும் கவுண்ட்டரில் நீட்டப்படும் சீட்டை, இரண்டு சமமானவர்கள் கலந்து பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் என்று நினைக்க என் மனம் ஒப்பவில்லை.

தபாலுக்கு வருகிறேன். தபாலைப் பற்றிக் குறை சொல்வது, வயதான தாயாரைக் குறை சொல்வது போல் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. 1877-ல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்து, குக்கிராமத்து வாசகனுக்கும் பட்டணத்துப் புஸ்தகக் கடைக்கும் நடுவே நம்பிக்கையான மத்தியஸ்தராக நின்றது தபால் இலாகா. பணத்தைக் கொடுத்தால்தான் பொருள். பொருளைக் கொடுத்தால்தான் பணம். தமிழ்ப் புஸ்தக வியாபாரம் அந்த முறையால் எவ்வளவு வளர்ந்தது! பதிவுத் தபால் அதற்கும் மேல். பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டால் கோர்ட்டிலும் அதற்கு மரியாதை இருந்தது. ஏழையின் சாட்சி அது.

அந்தப் பதிவுத் தபால் 1-9-2025 முதல் விரைவுத் தபாலோடு கலக்கப்பட்டுவிட்டது. 1-10-2025 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, குறிப்பிட்ட நபர் கையிலோ அவர் அதிகாரம் கொடுத்தவர் கையிலோதான் கொடுக்க வேண்டும் என்றால், பதிவுக்கென்று 5 ரூபாயும் வரியும் தனியே கட்ட வேண்டும். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைச் சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்றால் இன்னொரு 5 ரூபாயும் வரியும். 5 ரூபாய் பெரிய தொகை அல்ல. அதற்காக நான் அழவில்லை. உரியவர் கையில் கொடுப்பது தபாலின் தர்மமாக இருந்தது போக, தோசைக்கு நெய் ஊற்றுவது போல் வேண்டுவோர் வாங்கிக்கொள்ளும் தனிச் சரக்காகிவிட்டதே என்றுதான் கேட்கிறேன். 2023-ஆம் வருஷத்துத் தபால் அலுவலகச் சட்டமும், விதிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாகாவுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று 10-ஆவது பிரிவில் கறாராகச் சொல்லிவிட்டது.

புஸ்தகத்துக்கென்றே குறைந்த கட்டணம் உண்டே என்று ஒருவர் நினைவூட்டலாம். உண்டு. 2025 மே முதல் தேதி வந்த 'ஞான் போஸ்ட்' 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாயோடு நிற்கிறது; வரி தனி. நல்ல காரியம், வாழ்த்துகிறேன். ஆனால் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டுமாம், பத்திரிகை கூடாதாம், விளம்பரமும் கூடாதாம். நம் அத்தை தைத்த பைண்டைப் பாருங்கள்: அது புஸ்தகமும் அல்ல, பத்திரிகையும் அல்ல, பக்கத்துக்குப் பக்கம் கூந்தல் தைலம் வேறு! ஞானத்தின் வாசலில் அதற்கு இடமில்லை.

இன்சூரன்ஸ் என்பது மற்றொரு கூத்து. பில் இருந்தால்தான் மதிப்பு என்பது கடையில் வாங்கிய மிக்ஸிக்குப் பொருந்தும். பழம் பொருளின் மதிப்பு, அதை விரும்பி ஒருவர் கொடுத்த விலைதான். அந்த விலை கைப்பேசி வழியே பாங்கிக் கணக்கில் நாள், நேரத்தோடு பதிவாகியிருக்கிறதே! அதைவிட நம்பகமான பில் வேறென்ன வேண்டும்? அதை மதிப்பாக ஏற்று, அதற்கேற்ற கட்டணம் வாங்கி, தொலைந்தால் முழுதும் கொடுப்பதற்கு என்ன தடை?

1958 நவம்பரில் அமெரிக்காவில் ஹாரி வின்ஸ்டன் என்ற நகை வியாபாரி, நம் நாட்டில் பிறந்த 'ஹோப்' வைரத்தை நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிச்சாலைக்கு அனுப்பினார். எப்படி? சாதாரணப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பதிவுத் தபாலில்! கட்டிய தொகை மொத்தம் 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கூலி வெறும் 2 டாலர் 44 சென்ட். மற்றதெல்லாம் பத்து லட்சம் டாலருக்கான இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்டது. தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார், கையெழுத்து வாங்கினார். இந்தக் கணக்கை எல்லோரும் யோசித்துப் பார்க்க வேண்டும். சுமப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். பொறுப்பேற்பதற்குத்தான் விலை. நாமோ சுமைக் கூலியைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை வாங்கிவிட்டதாக எண்ணி ஏமாறுகிறோம்.

இந்த ஏமாற்றத்தில் வாங்குகிறவர்களுக்கும் பங்கு உண்டு. 'அனுப்பும் செலவு இலவசம்' என்ற எழுத்தைக் கண்டால்தான் அவர்கள் பணப்பை திறக்கிறது. காபி வாங்கினால் டபரா இலவசம் என்று ஓட்டலில் எழுதி வைத்தால் சிரிக்க மாட்டோமா? இலவசம் என்று சொன்னவர் அந்தச் செலவை விலைக்குள் ஒளித்திருப்பார். அல்லது அட்டைப் பெட்டியிலும் இன்சூரன்ஸிலும் மிச்சம் பிடித்திருப்பார். ஐப்பசி மழையில் மலையிறங்கும் பார்சல் நனைந்து போன பிறகு யாரைக் கோபித்து என்ன பயன்? அனுப்பும் செலவு முதலிய எல்லாக் கட்டணங்களையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் வருஷத்து மின்வணிக விதிகளே சொல்கின்றன. பெரிய கடைகளுக்கு விதி. வீட்டிலிருந்து விற்பவருக்கு அது நாணயமாக இருக்கட்டும்.

"முப்பது ரூபாய்த் தீப்பெட்டி லேபிளுக்கு இத்தனை தடபுடலா?" என்று கேட்பது நியாயம். வேண்டாம், அதைச் சாதாரண உறையில் போடுங்கள். தொலைந்தால் யாருடைய நஷ்டம் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், போதும். நான் கேட்பது சிக்கனத்தை விடச் சொல்லி அல்ல; மௌனத்தை விடச் சொல்லி.

விற்பவர்கள் கூலி இவ்வளவு, இன்சூரன்ஸ் இவ்வளவு, அத்தாட்சிக்கு இவ்வளவு என்று பணம் வாங்குமுன் சொல்லட்டும். சீட்டில் உண்மை மதிப்பை எழுதட்டும். நூறு ரூபாய் என்று பொய் எழுதிவிட்டு நாலாயிரத்துக்கு நியாயம் கேட்க முடியாது. வாங்குகிறவர்கள் அந்தச் செலவை முகம் சுளிக்காமல் ஏற்கட்டும். வந்ததை வரவில்லை என்று சொல்லும் சிலர், தங்களால் நாளை எத்தனை நல்லவர்கள் சந்தேகிக்கப்படுவார்கள் என்று நினைத்துப் பார்க்கட்டும். சுமப்பவர்களுக்கு ஒரே சட்டம் போதும்: பெற்றவர் பெயரும் கையெழுத்தும், அல்லது அவர் சொன்ன ரகசிய எண்ணும் இல்லாவிட்டால், பார்சல் போய்ச் சேரவில்லை என்றே கொள்ளப்படும், சேர்த்ததாக நிரூபிப்பது அவர்கள் பாடு. இப்போது அந்தப் பாடு மலையில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியைமார்கள் தலையில் இருக்கிறது.

பழம் பொருள்களை எழுபது வருஷம் கரையானிடமிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அவற்றை நாலு நாள் பத்திரமாக எடுத்துச் செல்ல முடியாது என்று நம் காலம் சொல்லுமானால், அப்புறம் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொள்ள அதற்கு வாய் எது?