கரடிக்குத் தெரியுமா காலிபர்?

அலாஸ்காவில் கரடி நடமாடும் காட்டுக்குப் போக எந்த ரிவால்வர் நல்லது? கேட்டுப் பாருங்கள், பேச்சு தோட்டாவின் பருமனைத் தாண்டவே தாண்டாது. .44 மேக்னமா, .454 கசுல்லா என்று பட்டிமன்றமே நடக்கும். ஐயா, உறைபனியில் முதலில் தோற்பது தோட்டா அல்ல, விரல்!

தடித்த கையுறை போட்ட விரல் ட்ரிக்கர் வளையத்துக்குள் நுழையுமா? நுழைந்தாலும், சுட்டபின் ட்ரிக்கர் முழுசாக முன்னால் திரும்ப இடம் இருக்குமா? இல்லையென்றால் இரண்டாவது குண்டு கிடையாது. இதைக் கடையில் வெறுங்கையோடு பிடித்துப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அடுத்த கூத்து, வாங்கியதை 'மெருகேற்றுவது'. ட்ரிக்கர் பஞ்சு மாதிரி இருக்கணுமாம், அதற்காக ஹேமர் ஸ்பிரிங்கை மாற்றி இளக்குகிறார்கள். குளிரில் எண்ணெய் கெட்டியாகி ஹேமரின் வேகத்தைக் குறைக்கும். ஸ்பிரிங்கும் இளகியிருந்தால் அடி பலமாக விழாது, தோட்டா வெடிக்காது. வெறும் 'டக்' சத்தத்துக்குக் கரடி ஓடுமா?

டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் சகாக்களும் அலாஸ்காவின் கரடிச் சம்பவங்களை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களில், சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயத்திலோ சாவிலோ வித்தியாசம் தெரியவில்லை. துப்பாக்கி இருக்கிறது என்பதே காவல் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே கையுறையோடு போய் வாங்குங்கள். ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். பழைய எண்ணெயைத் துடைத்து, குளிரில் இறுகாததை லேசாகப் பூசுங்கள். உறையைக் கோட்டுக்கு மேலே, நெஞ்சில் கட்டுங்கள். ஜிப்பைத் திறக்கும்வரை எந்தக் கரடியும் காத்திருக்காது.