'எல்லாம் நோர்மல்'

வைத்தியசாலையில் 'எல்லாம் நோர்மல்' என்பதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை என்றே பலரும் நினைப்பர். படியேறும்போதும் சில வேளை சும்மா இருக்கும்போதும் மூச்சு முட்டுகின்ற ஒருவருக்கு அது ஆறுதலாகவும் இருக்கின்றது. மேற்கொண்டு பேசவிடாத தீர்ப்பாகவும் இருக்கின்றது. இரண்டு வருடங்களாக அவ்விதம் வாழ்பவன் என்ற முறையில் இதை எழுதுகின்றேன்.

நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை, குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை யாவும் முடிந்துவிட்டன. விரலில் மாட்டும் கருவி 98 சதவீதம் காட்டுகின்றது. "உங்களுக்கு ஒன்றுமில்லை, யோசிக்காதேங்கோ" என்றார், நான் சனல் செய்து பார்த்த நிபுணர் ஒருவர். அந்த 'ஒன்றுமில்லை'யுடன்தான் எனக்கு உடன்பாடில்லை.

தேடிய நோய்கள் அவ்வேளையில் அகப்படவில்லை என்பதை மட்டுமே அறிக்கைகள் சொல்கின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கும் முட்டு இல்லாத நாளில் ஊதற் பரிசோதனை சரியாகவே அமையலாம். படுத்திருக்கையில் எடுத்த ஈசிஜி, நடக்கையில் இதயம் படும் பாட்டைக் காட்டாமற் போகலாம். விரற்கருவி அளப்பது இரத்தத்தின் ஒட்சிசனை, திணறலையன்று. திணறல் என்பது மூளை உணரும் உணர்வு. சுவாசத் தசைகள், நுரையீரல், இரத்தத்தின் காபனீரொட்சைட்டு ஆகியன தரும் செய்திகளிலிருந்து அது எழுகின்றது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் காபனீரொட்சைட்டு குறையும். தலை சுற்றும், விரல்கள் விறைக்கும், ஒட்சிசன் குறையாமலே காற்றுப் போதாது எனத் தோன்றும். பதற்றத்தால் வந்தாலும் அது உடலில் நிகழ்வதே, கற்பனையன்று.

இது புதிய சங்கதியுமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் படையினரிடம், இதயத்தில் பழுது காணப்படாமலே மூச்சுத் திணறலும் படபடப்பும் இருந்ததை வைத்தியர் டா கொஸ்டா 1871 இல் எழுதினார். கொவிட்டுக்குப் பிந்திய நிலையை 2021 இல் வரையறுத்த உலக சுகாதார நிறுவனம், வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளுள் மூச்சுத் திணறலையும் சேர்த்தது.

கருவி காட்டாததை நோயாளியின் சொல் காட்டக்கூடும். முட்டு, இழுப்பு, இளைப்பு, நெஞ்சடைப்பு என எம்மிடம் எத்தனை சொற்கள்! நெஞ்சு இறுகுவதும், காற்றுப் போதாமையும், மூச்செடுக்கப் பாடுபடுவதும் ஒன்றல்ல என்பதை மருத்துவமும் ஏற்கின்றது. ஐந்து நிமிடச் சந்திப்பில், அதுவும் வேற்று மொழியில், இவை யாவும் 'மூச்செடுக்கக் கஷ்டம்' என்ற ஒன்றாகிவிடுகின்றன.

"ஆபத்தானவை தென்படவில்லை, ஆனால் உங்கள் திணறல் உண்மை. எப்போது, எப்படி வருகின்றது என்று சொல்லுங்கள்" என்று வைத்தியர் கேட்டால் போதும். மூச்சுப் பயிற்சியோ, இயன்மருத்துவமோ, மேலும் ஒரு பரிசோதனையோ அதன் பின் வரட்டும்.

நோயாளருக்கும் ஒரு வார்த்தை. திணறல் திடீரெனக் கூடினாலோ, நெஞ்சு நொந்தாலோ, மயக்கம் வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பழைய 'நோர்மல்' புதிய அறிகுறிக்கு உத்தரவாதமன்று.