யாருக்குக் காட்டுவது?

தோழர்களே, போன மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி மணவாள நகரில் படம் காட்டினோம். கம்பெனிகளில் ஷிப்டு முடித்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெரு. சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஆர்.பி. அமுதனின் 'பீ' படத்தைத் திரையிட்டோம்.

2003இல் வந்த படம். மதுரையில் கோயிலை ஒட்டிய ஒரு தெரு. அங்கே கிடக்கும் பீயைத் துப்புரவுத் தொழிலாளிப் பெண் ஒருவர் கூட்டி அள்ளுகிறார். அரைமணி நேரம்கூட ஓடாத படத்தில் அவ்வளவுதான். மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993லேயே போட்டாயிற்று. பத்து வருடம் கழித்துக் கேமரா போய்ப் பார்த்தால் பீ அங்கேயே கிடக்கிறது. அள்ளுகிற கையும் மாறவில்லை.

படம் முடிந்ததும் மாணவத் தோழர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குப்பை அள்ளப் போகும் அக்கா ஒருவர் எழுந்தார். "தெனம் நான் பாக்குறத எனக்கே காட்டுறியேப்பா. பேண்டுட்டுப் போறான் பாரு, அவனுக்குக் காட்ட மாட்டியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அமுதனின் படங்களை வரிசையாக வைத்து யோசித்தேன். 2005இல் 'மயானக் குறிப்புகள்', பிணம் எரிப்பவர்களைப் பற்றியது. 2006இல் 'செருப்பு', திருச்சியில் செருப்புத் தைக்கும் தலித் கிறித்தவர்களைப் பற்றியது. மதம் மாறினாலும் சாதி விடவில்லை. 1950ஆம் ஆண்டு ஆணையோ பட்டியல் சாதி உரிமையை மட்டும் பிடுங்கிக்கொண்டது. இதுவரை கேமரா நம் பக்கம் பார்த்தே நிற்கிறது. பிறகு மெல்லத் திரும்புகிறது. பீ அள்ளும் காட்சியை 'வந்தே மாதரம்' பாட்டோடு சேர்த்து ஒரு குறும்படம் செய்தார். அது அள்ளுகிறவருக்குச் சொல்லும் சேதி அல்ல, கொடிக்கு சல்யூட் அடிப்பவனைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. 'என் சாதி' படத்திலோ ஆளாளுக்குத் தன் சாதியைப் பற்றித் தானே பேச வேண்டியிருக்கிறது. அக்கா கேட்டதும் இதைத்தானே?

சாதியைப் பற்றிய படம் என்றால் ஒடுக்கப்பட்டவரின் கண்ணீர் என்றே பழக்கிவிட்டார்கள். பார்த்து அழுதுவிட்டால் சாதி இந்துவுக்குப் பாவம் கழிந்துவிடுகிறது. கேள்வியை அவன் பக்கம் திருப்பினால்தான் சிக்கல் வருகிறது. 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்தைத் திரையிடவிடாமல் போலீஸ் வந்து நின்றதே, மறந்துவிட்டோமா?

நாமும் தப்பு செய்திருக்கிறோம். சேரிக்குள்ளேயே படம் காட்டி, நமக்குள்ளேயே கைதட்டிக் கலைந்தோம். ஊர்த்தெருவுக்குத் திரையைத் தூக்கிப் போக நமக்கே தயக்கம்.

அடுத்த திரையிடல் ஊர்த்தெருவில். அனுமதி கேட்டு எழுதப் போகிறோம். மறுத்தால் மறுத்தவர் யார், என்ன காரணம் சொன்னார் என்பதை இதே பக்கத்தில் அச்சிடுவோம். வேட்டி எங்களிடம் இருக்கிறது. இரண்டு முனையைப் பிடிக்கத் தோழர்கள் வர வேண்டும். அந்த அக்கா முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்க்க இல்லையாம். பார்ப்பவர்களின் மூஞ்சியைப் பார்க்க.