அகராதியும் அகவலும்

2025 மார்ச் 30 அன்று, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தில் மண்வாரி இயந்திரங்கள் நுழைந்தன. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தடுப்பதற்குள் ஏறத்தாழ 100 ஏக்கர் அழிந்துவிட்டது. இரவில் மயில்கள் அகவிய ஒலிப்பதிவுகள் நாடெங்கும் பரவின.

அக்குரல் நம்மை உலுக்கியது உண்மை. ஆயினும், மயிலை மட்டும் காட்டி வாதிடுவது போதாது. இந்திய மயில் அருகிவரும் பறவையன்று. அந்நிலையில் இருப்பது தென்கிழக்காசியாவின் பச்சை மயில். நம் மயிலோ பெருகி வயலில் மேய்கிறதென்று தமிழக உழவர்கள் முறையிடுகின்றனர். எனவே, ‘வேறிடம் பறந்து போகட்டுமே’ என்பார்க்கு அரிய பறவை என்னும் விடை செல்லாது.

விடை நிலத்தில் இருக்கிறது. மயில் உயர்ந்த மரத்தில் அடையும். முட்டையிடுவதோ தரையில், புதர் மறைவில். புதரும் பாறையும் நீரும் மரமும் ஒருங்கே அமைந்த இடமே அதன் வாழிடம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முட்டையையும் கூட்டையும் சிதைப்பதைக்கூட வேட்டை என்றே கொள்கிறது. ஆனால் கூடு கட்டவேண்டிய புதரை, வருவாய்ப் பதிவேடு காடென்று கொள்வதில்லை.

இங்கேதான் மொழியியல் மாணவர்க்கு வேலை இருக்கிறது. 1996இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘காடு’ என்பதை அகராதிப் பொருளில் கொள்ளவேண்டும் என்றது. எம்மொழியின் அகராதி? தெலுங்கில் ‘கஞ்ச’ மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் சொல். இன்று அது காலி மனையாக வாசிக்கப்படுகிறது. தமிழில் தீர்வைக்குப் புறம்பான பொதுநிலத்தைச் சுட்டிய ‘புறம்போக்கு’ வசைச்சொல்லானதும் இவ்வாறே. முல்லையென்றும் புறவென்றும் குறுங்காடென்றும் வேறுபடுத்தி அறிந்த மொழியில், மரம் அடர்ந்தால் மட்டுமே காடு என்பது இரவல் பார்வை.

மயிலின் குரலுக்கென்றே ‘அகவல்’ என்று ஒரு சொல் வைத்திருப்பவர்கள் நாம். ஆசிரியப்பாவின் ஓசைக்கும் அதுவே பெயர். அச்சொல்லை யாப்பிலக்கண வகுப்போடு நிறுத்திவிடாமல், நம் வளாகங்களைச் சூழ்ந்த புதர்நிலங்களுக்கு மக்கள் வழங்கும் பெயர்களைத் தொகுத்துப் பொருள் எழுதுவோம். அடுத்த வழக்கில் நீதிமன்றம் அகராதியைத் திறக்கும்போது, அப்பக்கம் வெறுமையாக இருத்தலாகாது.