எண் சொல்லும் உண்மை

சப்ரகமுவத் தோட்டங்களில் துரைமாரும் சின்னத்துரைமாரும் ஒரு காலத்தில் ஓட்டித் திரிந்த பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களை இன்று விரும்பித் தேடி வாங்குவோர் உளர். அந்த ஆர்வம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் வர்ணப் பூச்சைக் கண்டு மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதைவிட, எந்திரத்தின் உறுப்புகள் ஓரினத்தைச் சேர்ந்தவையா என்று முதலில் ஆராய்வதே அறிவுடைமை என்பேன்.

பி. எஸ். ஏ. எம்20 வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகள் பயன்படுத்திய வண்டி அது. அதன் உடன்பிறப்பு எம்21. இரண்டிற்கும் சிலிண்டர் விட்டம் 82 மில்லிமீட்டரே. ஆகவே விட்டத்தை அளந்து பயனில்லை. சிலிண்டர் தலையைக் கழற்றி, பிஸ்டன் ஏறியிறங்கும் தூரத்தை அளக்க வேண்டும். அது 94 மில்லிமீட்டராயின் எம்20. 112 ஆயின் எம்21. வெளியே பொறித்த எண் ஒன்றைச் சொல்ல, உள்ளளவு மற்றொன்றைச் சொன்னால் கலப்பு வெளிப்பட்டுவிடும்.

அக்காலத்து எந்திரங்கள் பலவற்றில் கிராங்க் பெட்டியின் இரு பாதிகளும் சோடியாகவே கடையப்பட்டன. அயற்பாதியைச் சேர்த்தால் அச்சு நேர்படாது. பேரிங் விரைவில் தேயும்.

கலப்பு தன்னளவில் குற்றமன்று. உதிரிப்பாகம் அரிதான மலைநாட்டில், கிடைத்ததைப் பொருத்தி வண்டியை ஓட வைத்தவரின் திறமையை நான் மதிக்கிறேன். எண்ணை அராவி அழித்து, 'அசல்' என்று விற்பதே குற்றம். இரத்தினபுரியில் கெவுடாக் கல்லைச் சூடேற்றி நீலமாக்குவது தொழில். சூடேற்றியதை மறைத்து விற்பது வஞ்சகம். கல்லுக்குரிய நீதி இரும்புக்கும் வேண்டாமா? மாற்றிய உறுப்புகள் எவையென விற்பவர் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.