ஏழு லட்ச ரூபாய்ப் பெட்டியும் என் தங்கையின் வளையலும்



போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு சின்னக் கேள்வி கேட்டிருந்தேன். என் தங்கை மகன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான், புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், எது வாங்கலாம் என்று. இரண்டே நாளில் எழுபது கமெண்ட்டுக்கு மேல் வந்துவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன். படித்து முடித்ததும் கோபம்தான் வந்தது. 34 வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவனின் கோபம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றீர்கள். ஐ.டி.யில் வேலை பார்க்கும் என் மாணவர்கள், "சார், தொழிலுக்குன்னா மேக் ப்ரோதான். யோசிக்காம எடுத்துடுங்க" என்றார்கள். நம் உறவுக்காரர்கள், "ஏழு லட்சத்துக்குக் கம்ப்யூட்டரா? அதுக்கு ஒரு காரே வாங்கலாமே!" என்றார்கள். அவன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறான், ஒரு கல்யாணத்துக்கு என்ன வாங்குகிறான் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு விவரமும் இல்லாத கணக்குக்கு விடை மட்டும் எழுதிவிட்டீர்கள். பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் என்ன மார்க் போட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு நடுவில் என் தங்கை, நாலு வளையலையும் ஒரு சங்கிலியையும் அடகு வைக்கத் துணியில் முடிந்து எடுத்து வைத்துவிட்டாள். மைத்துனர் காலமான பிறகு அந்த வீட்டுக்கு இவன் வருமானம்தான். அதனால்தான் இதை வேடிக்கையாக விட முடியவில்லை.

முதலில் மாணவர்களுக்கு. 2023 ஜூனில் வந்த மேக் ப்ரோவின் ஆரம்ப விலை அப்போது 7,29,900 ரூபாய். அமெரிக்காவில் 6,999 டாலர். உள்ளே இருப்பது எம்2 அல்ட்ரா சிப். அதே சிப், அதே 64 ஜிபி மெமரி, அதே 1 டிபி சேமிப்போடு மேக் ஸ்டூடியோ என்ற சின்னப் பெட்டி அங்கே அப்போது 3,999 டாலருக்குக் கிடைத்தது. மீதி 3,000 டாலர் எதற்கு? பெரிய கூட்டுக்கும், கார்டு செருகும் இடங்களுக்கும். சரி, அந்த இடத்தில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகலாமா? முடியாது. பின்னால் மெமரியாவது கூட்டலாமா? அதுவும் முடியாது. 2019-ல் வந்த மேக் ப்ரோவில் இரண்டும் முடிந்தது. மெமரியை 1.5 டிபி வரைக்கும் ஏற்றலாம். 2023 மாடலில் 192 ஜிபியோடு சரி, அதையும் வாங்கும் அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும். டிவி நிலையத்தில் கேமரா சிக்னலை நேரே உள்ளே வாங்கும் கார்டு போடுகிறவருக்கும், பெரிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவருக்கும் அந்த இடங்கள் தேவைப்படும். மறுக்கவில்லை. என் மருமகனுக்கு எதற்கு? அதே தோசை, அதே சட்னி, தட்டு மட்டும் வெள்ளி.

2019-ல் அந்தக் கம்பெனி 4,999 டாலருக்கு ஒரு மானிட்டர் விட்டது. அதற்கு ஸ்டாண்டு தனி, 999 டாலர். மேடையில் அந்த விலையைச் சொன்னபோது அவர்கள் அழைத்த கூட்டமே முணுமுணுத்தது. அவ்வளவு ரசிகர்களுக்கே உறுத்தியது உங்களுக்கு உறுத்தவில்லையே! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் மேஜையில் இருப்பதைக் கம்பெனி வாங்கித் தந்தது. கம்பெனி கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டியையும் கணக்கில் கழித்துக்கொள்ளும். இவன் ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனி ஆள். கட்டியது கட்டியதுதான்.

இப்போது உறவினர்களுக்கு. காரோடு ஒப்பிடுகிறீர்களே, அந்தக் கார் அவன் வாசலில் நின்று என்ன சம்பாதிக்கும்? பெட்ரோல் கேட்கும், இன்சூரன்ஸ் கேட்கும். வருமான வரிச் சட்டத்தைப் பாருங்கள். தொழிலுக்கு வாங்கிய காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம். 2 லட்சத்துக்கு வாங்கினால் முதல் வருஷ முடிவில் ஏட்டில் 1,20,000, அடுத்து 72,000, அதற்கடுத்து 43,200. "பாத்தீங்களா, மதிப்பு போயிடுதே" என்று சொல்லாதீர்கள். தச்சருக்கு உளி தேயத்தான் செய்யும். தேய்வதற்குள் எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. கிரகப்பிரவேசத்துக்கு டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தவர்கள் நம் குடும்பத்தில் உண்டு. அன்றைக்கு யாரும் "எதுக்கு" என்று கேட்கவில்லை. பிழைக்கக் கருவி வாங்கும்போதுதான் நமக்குச் சிக்கனம் நினைவுக்கு வருகிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு நாள் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் நோட்டோடு உட்கார்ந்தேன். ("மாமா, தேர்வு ஹால் மாதிரி இருக்கு" என்றான்.) மூன்று கேமரா. ஒவ்வொன்றும் விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே பதிவு செய்கிறது. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 810 ஜிபி. ஒரே கல்யாணத்துக்கு!

நான் கண்டுபிடித்தது இதுதான். விளம்பரங்கள் எல்லாம் "ரெண்டர் இத்தனை மடங்கு வேகம்" என்று கத்துகின்றன. இவன் ரெண்டரை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகிறான். அது ஆறு மணி நேரம் ஓடினாலும் ஒன்றுதான், ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றுதான். அந்த வேகத்துக்குக் காசு கொடுப்பது தூங்குகிறவனுக்கு விசிறுவது போல. அவன் நேரம் போவது பகலில், எடிட் செய்யும்போது. தாலி கட்டும் இடத்தைத் தேடி ஓட்டுவான், படம் நின்றுவிடும். மறுபடி ஓட்டுவான், மறுபடி நிற்கும். ஆறு மணி நேரத்தில் ஒரு மணி ஐம்பது நிமிஷம் சும்மா காத்திருந்தான். கடிகாரம் வைத்துக் குறித்தது.

காரணம், அவன் கேமரா எழுதுவது எச்.265, 10-பிட், 4:2:2 என்ற வகைக் கோப்பு. போன வருஷம் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு அறுபதாயிரத்துக்குக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டான். அந்த வகையை விரிக்க அந்தக் கார்டால் முடியாது. ஆனால் இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் பல சிப்புகளுக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ் அதைச் செய்துவிடும். ஆப்பிள் எம்2 வகைச் சிப்பும் செய்யும். இவன் பெட்டி அதற்கும் முந்தையது. அறுபதாயிரம் போட்டும் தடுக்கல் அப்படியே இருக்கிறது.

காசில்லாத வைத்தியமும் உண்டு. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே, கோப்புகளுக்குச் சின்ன நகல் செய்து அதில் வெட்டலாம். ப்ராக்ஸி என்கிறார்கள். ராத்திரி நகல் போட்டு, மறுநாள் அதே வேலையைச் செய்தான். காத்திருப்பு நாற்பது நிமிஷமாகக் குறைந்தது. நகலுக்கு வட்டில் இடம் வேண்டும், கலர் வேலைக்கு அசலுக்கே திரும்ப வேண்டும், அதனால் முழுத் தீர்வு இல்லை. ஆனாலும் உங்கள் எழுபது கமெண்ட்டில் இது ஒன்றில்கூட இல்லையே!

இனி கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு எடிட்டிங் கூலி 15,000. வருஷத்துக்கு நாற்பது. காத்திருப்பு போனால் பன்னிரண்டு கூடுதலாகச் செய்ய நேரம் இருக்கும். ஆனால் நேரம் இருந்தால் ஆர்டர் வந்துவிடுமா? ஆடியும் மார்கழியும் அப்படியேதான் இருக்கும். ஆறு என்று வைத்தேன். வருஷத்துக்கு 90,000. மூன்று வருஷத்துக்கு 2,70,000. அடகு வட்டியும் இதற்குள் அடங்க வேண்டும். இதுதான் அவனுக்கு உச்சவரம்பு. மேக் ஸ்டூடியோவின் ஆரம்ப மாடல் 2023-ல் 2,09,900, அடங்கும். மதுரையில் அசெம்பிள் செய்யும் இன்டெல் பெட்டியும் அடங்கும், நாளைக்கு ஒரு மெமரி போனால் தெருவிலேயே மாற்றலாம். மேக் ப்ரோவை அந்த விலைக்கு வாங்கினால் 49 கல்யாணத்துக் கூலி அதற்கே போகும். ஒரு வருஷத்துக்கும் மேல் சாப்பிடாமல் எடிட் செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கில் தப்பு இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். "ப்ரோ ப்ரோதான் சார்" என்று மட்டும் மறுபடி எழுதாதீர்கள்.

ஆடி பிறக்கப் போகிறது, அவனுக்கு ஒரு மாதம் முகூர்த்தம் இல்லை. மதுரைப் பக்கம் மேக் ஸ்டூடியோவோ புது இன்டெல் பெட்டியோ வைத்திருக்கும் மாணவர்கள் யாராவது ஒரு மதியம் இடம் கொடுத்தால், அவன் தன் ஹார்டு டிஸ்க்கோடு வந்து அந்தக் கோப்புகளை ஓட்டிப் பார்த்துக்கொள்வான். நானும் நோட்டோடு வருவேன். இன்பாக்ஸில் எழுதுங்கள். அதுவரைக்கும் வளையலை எடுத்துப் போட்டுக்கொள் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.