கில்ட்டுக்கு அடியில என்ன? - ஒரு கடுப்புப் பதிவு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு பாதியிலேயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. போன வாரம் ஊர்ல இருந்து நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். நலம் விசாரிப்பெல்லாம் முடிஞ்சதும், "என்ன மாப்ள, இன்னும் அந்தப் பாவாடையக் கட்டிக்கிட்டுத்தான் திரியுறியா?"ன்னு ஒரு சிரிப்பு. சரி, இன்னைக்கு எழுதிட வேண்டியதுதான்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்கா.

எடின்பரோ வந்து பதினோரு வருஷம் ஆச்சு. முதல் கில்ட், ஆபீஸ் நண்பன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தது. பிடிச்சுப் போய் அப்புறம் சொந்தமா ஒண்ணு தைச்சுக்கிட்டேன். பிளாக் வாட்ச் டார்ட்டன். கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம், யார் வேணா கட்டிக்கலாம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், முழு கில்ட் ஒண்ணுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி போகும். (நம்ம பாட்டிங்க கட்டின மடிசாரை விட ஒரு கஜம்தான் கம்மி!) முன்பக்கம் தட்டை, பின்பக்கம் பூரா மடிப்பு, இடுப்புல தோல்வார். முன்னாடி தொங்குற பைக்கு ஸ்போரன்னு பேரு. காலுறையில செருகுற குட்டிக் கத்தி ஸ்கீயன் டூ. நல்ல கனமா, குளிருக்கு அடக்கமா, நடக்கும்போது பின்னாடி மடிப்பு ஆடுற ஆட்டமே தனி. கட்டிப் பாத்தவனுக்குத்தான் அந்த சுகம் தெரியும்.

இப்போ பிரச்சனைக்கு வர்றேன். மரேஃபீல்டுல ரக்பி மேட்ச் இருக்குற நாள்ல ஊர் பூரா கில்ட்டுதான். கில்ட், பூட்ஸ், ரக்பி சட்டைன்னு ஆயிரக்கணக்குல போவாங்க. ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அதே கில்ட்டை ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனியாளா கட்டிக்கிட்டு பஸ் ஏறிப் பாருங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி கிராஸ்மார்க்கெட் பக்கம் நடந்து பாருங்க. முன்பின் தெரியாத ஆளு, பேர் கூட கேக்காம, கேக்குற முதல் கேள்வி: "அடியில என்ன போட்டிருக்க?"

யோசிச்சுப் பாருங்க. ரோட்ல போற ஒருத்தர்கிட்ட போய் "உங்க ஜட்டி என்ன கலர்?"னு கேட்டா செருப்பு பிஞ்சிடும். கில்ட் கட்டினவன்கிட்ட கேட்டா அது நகைச்சுவை!

இதுக்கு இங்க காலங்காலமா ஒரு ரெடிமேட் பதில் உண்டு. இங்கிலீஷ்ல 'வோர்ன்'னா உடுத்தினதுன்னும் அர்த்தம், தேஞ்சு போனதுன்னும் அர்த்தம். அதனால, "அடியில ஒண்ணும் வோர்ன் இல்ல, எல்லாம் நல்ல கண்டிஷன்ல இருக்கு"ன்னு சொல்லி கண்ணடிக்கணும். எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிக்கணும். முதல் ரெண்டு வருஷம் நானும் இதைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு ராத்திரியில மூணாவது தடவை சொல்லும்போதுதான் உறைச்சது. நான் பீர் குடிக்க வந்தேனா, காசு வாங்காம கோமாளி வேலை பாக்க வந்தேனா?

"பாரம்பரியம்ப்பா, உண்மையான ஸ்காட்லாந்துக்காரன் உள்ள ஒண்ணும் போடமாட்டான்"னு சில பேர் பாடம் எடுப்பாங்க. ஹைலேண்ட் நடனப் போட்டியில ஆடுறவங்க கட்டாயம் உள்ளாடை போட்டே ஆகணும், அது விதி. 2010ல ஸ்காட்டிஷ் டார்ட்டன்ஸ் அத்தாரிட்டியோட இயக்குநரே, ஒண்ணும் போடாம கட்டுறது சின்னப்புள்ளத்தனம், சுகாதாரக் கேடுன்னு சொல்லிட்டார். பாரம்பரியம் வேணும்னா 1746க்குப் போங்க. கலோடன் போருக்கு அப்புறம் லண்டன் பாராளுமன்றம் போட்ட சட்டப்படி கில்ட் கட்டினா ஆறு மாசம் ஜெயில், ரெண்டாவது தடவை மாட்டினா ஏழு வருஷம் நாடுகடத்தல். ராணுவத்துல இருக்குற ஹைலேண்ட் படைகளுக்கு மட்டும் விலக்கு. 1782 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்துச்சு. இந்தக் கதையை ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான். 1968ல வந்த 'கேரி ஆன் அப் த கைபர்' படம் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. நம்ம கைபர் கணவாய்ல காவல் நிக்கிற ஸ்காட்டிஷ் சிப்பாய் ஒருத்தன் கில்ட்டுக்குள்ள ஜட்டி போட்டிருந்தான்னு தெரிஞ்சு போறதுதான் மொத்தப் படமும். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஜோக் இன்னும் மாறல.

வெறும் வாய்ப்பேச்சோட நின்னா நான் இவ்வளவு கத்த மாட்டேன். வாய்க்கு அடுத்து கை வருது. 2017ல இன்வர்னஸ்ல ஒரு பார்ல வேலை பாக்குற பசங்க கில்ட் கட்டுறதையே நிறுத்திட்டாங்க. குடிச்சிட்டு வர்ற பொம்பளைங்க கையை உள்ள விடுறாங்கன்னு. செய்தியா வந்துச்சு. அந்தச் செய்திக்கும் நெறைய பேர் சிரிச்சாங்க.

எனக்கும் நடந்துச்சு. ஒரு கல்யாண ரிசப்ஷன்ல பின்னாடியிருந்து ஒரு அம்மா கில்ட்டைத் தூக்கிப் பாத்தாங்க. மேசை பூரா சிரிப்பு. நானும் வழிஞ்சுக்கிட்டே சிரிச்சேன். பக்கத்துல என் பையன் உக்காந்திருந்தான், அப்போ அவனுக்கு எட்டு வயசு.

ரெண்டு வருஷம் கழிச்சு, ஸ்கூல்ல ராபர்ட் பர்ன்ஸ் நாள் விழா. இவன் கில்ட் கட்டிக்கிட்டுப் போனான். பெரிய கிளாஸ் பசங்க நாலு பேர் ஓடிவந்து தூக்கி விட்டுட்டு ஓடிட்டாங்க. அதையே நாலு தடவை பண்ணிருக்காங்க. வீட்டுக்கு வந்து ரூம் கதவைச் சாத்திக்கிட்டான். கில்ட்னா இதெல்லாம் சகஜம், பெருசா எடுத்துக்காதீங்கன்னு ஸ்கூல்ல பதில். நான் கோவமா கத்திக்கிட்டு இருக்கும்போது உள்ளேர்ந்து அவன் கேட்டான்: "உன்னைத் தூக்கும்போது நீ சிரிச்சியேப்பா?"

என்னத்தைச் சொல்ல? அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்தக் கில்ட்டை அவன் அதுக்கப்புறம் தொடவே இல்ல.

அதனாலதான் "சிரிச்சிட்டுப் போய்யா, இதுல என்ன இருக்கு"ங்கிற அட்வைஸைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. சிரிச்சா அவங்க நிறுத்துறதில்ல, அடுத்தவன்கிட்ட போய் அதையே பண்றாங்க. சட்டமும் அவங்க பக்கம் இல்ல. அனுமதியில்லாம பாலியல் ரீதியா தொடுறது ஸ்காட்லாந்தோட 2009 சட்டப்படி குற்றம். துணிக்கு அடியில போட்டோ எடுக்குறதையும் 2010ல சேத்துட்டாங்க, இங்கிலாந்துல அது வர 2019 ஆச்சு. ரெண்டு சட்டத்துலயும் ஆணா பெண்ணான்னு பேதமே கிடையாது.

தங்கமணிகிட்ட இதைப் புலம்பினப்போ, "வருஷத்துல பத்து நாள் கட்டுறதுக்கே இப்படின்னா, நாங்க தினமும் பஸ்ல போறோமே"ன்னாங்க. வாயை மூடிக்கிட்டேன். ஆனா விஷயமே அங்கதான் இருக்கு. 'பாவாடை'ன்னு என்னைத் திட்டுறவன் உண்மையில யாரைத் திட்டுறான்? பொம்பளை உடுத்துறது கேவலம், அதைத் தூக்கிப் பாக்க எவனுக்கும் உரிமை உண்டுங்கிற நினைப்புலதானே அது திட்டாவே ஆகுது. 'பாவாடை இல்ல, கில்ட்டு'ன்னு நானும் முதல்ல வீறாப்பாத் திருத்திக்கிட்டு இருந்தேன். இப்ப திருத்துறதில்ல. பாவாடைன்னே வெச்சுக்கோ, அதுல என்ன கேவலம்?

நம்மாளுங்களுக்கு ஒரு வார்த்தை. 2014ல சென்னையில ஒரு கிளப்புக்குள்ள வேட்டி கட்டிக்கிட்டு வந்த ஹைகோர்ட் நீதிபதியை விடலைன்னதும் எப்படிக் கொதிச்சோம்! அதே வருஷம் சட்டமே கொண்டு வந்தாங்களே. அன்னைக்குக் கொதிச்ச அதே வாய்தான் போன வாரம் போன்ல 'பாவாடை'ன்னுச்சு. ("ஏன்யா கறுப்பா இருந்துக்கிட்டு இதைக் கட்டுற"ன்னு இங்க என்கிட்ட கேட்டவங்க மொத்தமே ரெண்டு பேர்தான். உள்ளூர்க்காரங்க பெரும்பாலும் சந்தோஷப்படுறாங்க.)

இப்போ நான் என்ன பண்றேன்னா, சின்னப் பசங்க கேட்டா ஒழுங்கா பதில் சொல்றேன்: "உன்னை மாதிரியே ஜட்டிதான் கண்ணு." டூரிஸ்ட் மடிப்பைப் பத்திக் கேட்டா அரை மணி நேரம் அறுப்பேன், தப்பிக்க முடியாது :-) 'அடியில என்ன'ன்னு இளிக்கிற ஆளுங்களுக்கு, மூஞ்சில ஒரு சிரிப்பும் இல்லாம, "ஏன் கேக்குறீங்க?" அவ்வளவுதான். அப்புறம் பதிலுக்குக் காத்திருக்கணும், அதுதான் முக்கியம். பத்துக்கு எட்டு பேர் "சும்மா... ஜோக்கு..."ன்னு இழுப்பாங்க. "எனக்குப் புரியலையே, விளக்குங்க"ன்னா அதோட சரி. குடிச்ச கூட்டமா இருந்தா வாயே திறக்கிறதில்ல, எதிர்ப்பக்கம் நடையைக் கட்டிடுவேன். வீரம் காட்டுறதுக்கு எனக்கு வயசு இல்ல. கை பட்டா மட்டும், சுத்தி இருக்குற எல்லாருக்கும் கேக்குற மாதிரி "கையை எடுங்க!" அப்புறம் கடை மேனேஜர், அதுக்கும் மேல போனா 101க்கு போன். போன வருஷம் ஒரு விருந்துல இப்படிக் கத்தினதுக்கு ரெண்டு பேர் இன்னும் என்கூடப் பேசுறதில்ல. பேசாட்டிப் போகட்டும்.

டிஸ்கி: பின்னூட்டத்துல வந்து அதே கேள்வியைக் கேக்கப் போற புண்ணியவான்களுக்கு முன்கூட்டியே பதில்: ஏன் கேக்குறீங்க?